பூமி சுத்தவே இல்லைன்னு புத்தகம் போட்டவர்... பிறகு அறிவியலுக்காக ஃபத்வா வாங்கிய கதை!

திண்டுக்கல்காரங்ககிட்ட அலிகார்னு ஒரு ஊர் பேரைச் சொல்லிப்பாருங்க, லேசா முகம் சுளிப்பாங்க. காரணம், பூட்டு. இங்கே நாகல் நகர் பக்கம் கையால ராவி ராவிச் செய்யுற மாங்காய்ப் பூட்டோட விலைக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு, மெஷின்ல அடிச்சு மலிவா இறக்கிவிட்டது உத்தரப்பிரதேசத்து அலிகார்தான். 2019-ல் நம்ம பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனாலும், பட்டறைகளோட பழைய சத்தம் திரும்பி வரலை.

சரி, பூட்டுச் சண்டை இருக்கட்டும். அலிகாருக்கு இன்னொரு அடையாளம் இருக்கு. அங்கே ஒரு கல்லூரியைத் தொடங்கின, நீண்ட வெள்ளைத்தாடி வெச்ச, கனமான உடம்புக்காரர் ஒருத்தர். சர் சையது அகமது கான். பாடப்புத்தகத்துல அலிகார் இயக்கம்னு ரெண்டு மதிப்பெண் கேள்வியில அவரைப் பார்த்திருப்பீங்க. அந்த ரெண்டு மதிப்பெண்ணுக்குள்ள அடங்காத ஒரு பெரிய சிக்கலோட வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினவர் அவர்.

என்ன சிக்கல்? பேகம்பூர்லயோ பழனியிலயோ ஒரு முஸ்லிம் வீட்டுப் பையன் பகல்ல ஸ்கூல்ல பரிணாமம் படிக்கிறான். சாயங்காலம் ஓதப்போற இடத்துல ஆதம் நபி வரலாறு படிக்கிறான். ரெண்டு நோட்டும் ஒரே பைக்குள்ளதான் இருக்கு. ஆனா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதே இல்லை. பெரும்பாலானவங்க அப்படியே ரெண்டு அறையாப் பிரிச்சு வெச்சுக்கிட்டு வாழ்ந்துடுறோம். எந்த மதமா இருந்தாலும் இதுதான் நிலைமை. சையது அகமது கானால் அப்படி இருக்க முடியலை.

1817 அக்டோபர் 17-ல் டெல்லியில் பிறந்தார். முகலாய அரசவையோடு நெருக்கமான குடும்பம். தாய்வழித் தாத்தா க்வாஜா ஃபரீதுத்தீன் அரசருக்கு அமைச்சராக இருந்தவர். கணிதத்திலும் வானியலிலும் கில்லாடி. வீட்டில் வானியல் கருவிகள் புழங்கின. தாய்மாமாவிடம்தான் சையது கணக்கு கற்றுக்கொண்டார். அம்மா அஸீஸுன்னிஸா ரொம்பக் கண்டிப்பானவர். சின்ன வயதில் ஒரு பழைய வேலைக்காரரை அறைந்ததற்காக, மன்னிப்பு கேட்கும்வரை மகனை வீட்டுக்குள்ளேயே விடவில்லை என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1838-ல் அப்பா இறந்ததும் குடும்பத்தில் பணம் வற்றியது. முகலாய அரசவையில் இனி எதிர்காலம் இல்லை என்று புரிந்துகொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். உறவினர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால், படிப்படியாக ஏறி 1841-ல் முன்சீப் ஆகிவிட்டார்.

டெல்லிக்கு மாற்றலாகி வந்தவருக்கு அந்த ஊரின் பழைய கட்டடங்கள் மேல் பித்துப் பிடித்தது. குதுப்மினாரின் உச்சியில் இருக்கும் கல்வெட்டு எழுத்துகளைக் கீழேயிருந்து படிக்க முடியாது. என்ன செய்தார் தெரியுமா? இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே ஒரு கூடையைக் கட்டி, அதில் உட்கார்ந்துகொண்டு அந்தரத்தில் தொங்கியபடி ஒவ்வொரு எழுத்தாகப் பிரதி எடுத்தார். கீழே நின்ற நண்பருக்குப் பயத்தில் முகம் வெளிறிவிடுமாம். அப்படி உருவான ‘ஆஸாருஸ் ஸனாதீத்’ 1847-ல் வெளிவந்தது. டெல்லிக் கட்டடங்களைப் பற்றி இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல் அது. நேரில் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்கிற குணம் அப்போதே அவரிடம் இருந்தது.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அதற்கு அடுத்த வருடம், 1848-ல், அதே மனிதர் இன்னொரு சின்னப் புத்தகம் போட்டார். பூமி நகரவில்லை, அது அப்படியே நிலையாக நிற்கிறது, சூரியன்தான் சுற்றுகிறது என்று வாதம் அடுக்கிய புத்தகம்!

ஆமாங்க. பின்னாளில் அறிவியலுக்காக வசை வாங்கப்போகும் அதே சையதுதான்.

கோப்பர்நிக்கஸ் செத்து 300 வருஷம் ஆன பிறகு இப்படி ஒருத்தர் எழுதினாரேன்னு சிரிக்கத் தோணும். ஆனா, அவர் படிச்ச படிப்பை யோசிச்சுப் பாருங்க. டெல்லியின் பழைய பாடத்திட்டத்தில் இருந்தது கிரேக்கர்களின் வானியல். பூமி நடுவில், அதைச் சுற்றி வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக வானக் கோளங்கள். தாலமி என்ற கிரேக்க அறிஞர் வகுத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, மதரஸா பாடமாகி, கடைசியில் குர்ஆன் விரிவுரைகளுக்குள்ளேயும் கலந்துவிட்டது. ஏழு வானங்கள் என்று குர்ஆனில் வருவதைப் படிப்பவர் மனதில் தாலமியின் கோளங்கள்தான் வந்து நின்றன. எது வேதம், எது கிரேக்கம் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பிற்காலத்தில் சையது அகமது கான் அந்தப் புத்தகத்தின் கருத்தைக் கைவிட்டார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று ஏற்றுக்கொண்டார். முக்கியமான விஷயம், எதைத் தூக்கி எறியணும், எதை வெச்சுக்கணும்னு அவர் பிரிச்ச விதம். குர்ஆன் தப்பாகிவிட்டது என்று அவர் முடிவுக்கு வரவில்லை. குர்ஆனுக்கு நாம் மாட்டிவிட்ட கிரேக்கக் கண்ணாடிதான் தப்பு என்றார். அவருடைய பிற்கால எழுத்து முழுவதுக்கும் அஸ்திவாரம் இதுதான். ஒரு தகவலுக்காகச் சொல்றேன், அவர் இறந்ததுக்கு அடுத்த வருஷம், 1899-ல, நம்ம திண்டுக்கல் மாவட்டத்து மலை மேல, கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் ஆரம்பிச்சாங்க. சூரியனை அங்கே இன்னிக்கும் படம்பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.

1857 அவரைப் புரட்டிப்போட்டது. கிளர்ச்சி வெடித்தபோது அவர் பிஜ்னோரில் நீதித்துறை அதிகாரி. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைக் காப்பாற்றினார். ஆனால், டெல்லியை மீண்டும் பிடித்த பிரிட்டிஷ் படை அவருடைய மாமாவையும் மாமா மகனையும் கொன்றது. டெல்லிக்கு ஓடிவந்தவர் தன் அம்மாவைக் கண்டுபிடித்தது ஒரு குதிரைக்காரரின் குடிசையில். பல நாட்களாகக் குதிரைக்கு வைக்கும் தானியத்தைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. மீரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனார். எகிப்துக்குப் போய்விடலாமா என்றுகூட அவர் யோசித்தார். தலைமுடி நரைத்தது அந்த நாட்களில்தான் என்பார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வெறி, படிப்பு. 1864-ல் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அவருக்கு அலிகாருக்கு மாற்றல் வந்தபோது சங்கமும் கூடவே போனது. ஆங்கிலத்தில் இருந்த வரலாறு, பொருளாதாரம், விவசாயம், இயற்பியல் நூல்களை உருதுவில் கொண்டுவருவதுதான் வேலை. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்திய சங்கம் அது. புதிய விவசாயக் கருவிகளை வயலில் இறக்கிச் சோதித்துப் பார்க்கவும் செய்தார்கள். தாய்மொழியில் அறிவியல் வந்தால்தான் ஊருக்குள் இறங்கும் என்று அப்போது நம்பினார். பிறகு ஆங்கில வழிக் கல்வி பக்கம் சாய்ந்தார். தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமான்னு நாம இன்னும் அடிச்சுக்கிட்டுதானே இருக்கோம்!

1869-ல் மகன்களோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மகன் மஹ்மூதுக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது, கேம்பிரிட்ஜில் படிக்க. அப்பாவுக்கு வேறு வேலை இருந்தது. வில்லியம் மூர் என்ற பெரிய ஆங்கிலேய அதிகாரி நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பற்றிக் கடுமையான விமர்சனங்களோடு நூல் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத லண்டன் நூலகங்களில் ராத்திரி பகலாக உட்கார்ந்தார். கையில் காசு கரைந்தது. வீட்டில் இருக்கும் புத்தகங்களையும் பாத்திரங்களையும் விற்றாவது பணம் அனுப்பச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதினார். 1870-ல் பதில் நூல் வந்தது. ஆத்திரப்பட்டுக் கத்தாமல், ஆதாரத்துக்கு ஆதாரம் வைத்துப் பேசிய நூல்.

ஊர் திரும்பியதும் 1870 டிசம்பர் 24-ல் ‘தஹ்ஸீபுல் அக்லாக்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பிரச்னை அங்கே ஆரம்பித்தது.

அவருடைய வாதத்தை எளிமையாச் சொல்லணும்னா இப்படி. இயற்கை இறைவனின் செயல். குர்ஆன் இறைவனின் சொல். ஒரே ஆளின் சொல்லும் செயலும் முட்டிக்கொள்ள முடியாது. அப்படி முட்டுவது மாதிரி தெரிந்தால் ஒன்று இயற்கையை நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம், இல்லையென்றால் வசனத்தைத் தப்பாகப் படிக்கிறோம். இயற்கை விதி சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டால், திரும்பிப் பார்க்க வேண்டியது வசனத்துக்கு நாம் எழுதிய விளக்கத்தைத்தான்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா, இதை அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் பொருத்த ஆரம்பிச்சதும் ஊர் கொந்தளிச்சது. 1880 முதல் வெளிவந்த அவருடைய குர்ஆன் விரிவுரையில் வானம் என்பது கெட்டியான கூரை இல்லை. நூஹ் நபி காலத்து வெள்ளம் உலகம் முழுவதையும் மூழ்கடித்தது இல்லை, ஒரு பகுதியில் வந்த வெள்ளம். மூஸா நபி கடலைக் கடந்தது நீர் வற்றியிருந்த நேரத்தில். வானவர்கள் என்பவர்கள் இறக்கை கட்டிய உருவங்கள் இல்லை, படைப்புகளுக்குள் இறைவன் வைத்த ஆற்றல்கள். ஆதம், இப்லீஸ் வரலாறு மனித இயல்பைப் பற்றிய உருவகம். நபிகளின் விண்பயணம் கனவில் கண்ட காட்சி.

ஒவ்வொன்றும் ஒரு வெடிகுண்டு. எதிர்த்து எழுதவென்றே கான்பூரில் பத்திரிகைகள் கிளம்பின. இயற்கைக்கான ஆங்கிலச் சொல் நேச்சர் இல்லையா? அதிலிருந்து அவருக்கும் அவர் ஆட்களுக்கும் நேச்சரி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். காஃபிர் என்று ஃபத்வாக்கள் குவிந்தன. ஒரு எதிர்ப்பாளர் மெக்காவுக்கே போய் அங்கிருந்த முஃப்திகளிடம் ஃபத்வா வாங்கிக்கொண்டு வந்தார். அதைக் கேள்விப்பட்ட சையது அகமது கான், தன்னுடைய இறைமறுப்பு ஒருத்தரை ஹாஜியாக்கிவிட்டதே, இதுவும் புண்ணியம்தான் என்கிற மாதிரி எழுதிச் சிரித்தார். ட்ரோல் பண்ணினவங்களை இதைவிட அழகா யாரும் திருப்பி அடிச்சிருக்க முடியாது.

எதிர்த்தவர்களெல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தேவ்பந்த் மதரஸாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மௌலானா காஸிம் நானோத்வி அவரோடு கடிதம் மூலம் மரியாதையாக விவாதித்தார். அறிவியல் இன்று ஒன்று சொல்கிறது, நாளை மாற்றிக்கொள்கிறது, அதன் பின்னால் வசனங்களின் பொருளை இழுத்துக்கொண்டே ஓட முடியுமா என்பதுதான் உலமாக்கள் தரப்பின் அடிப்படைக் கவலை. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. ஹைதராபாத்தில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் ஆப்கானி 1881-ல் நேச்சரிகளைத் தாக்கி பாரசீகத்தில் ஒரு நூலே எழுதினார். அவரும் முஸ்லிம்கள் அறிவியல் கற்க வேண்டும் என்று பேசியவர்தான். ஆனால், சையது பிரிட்டிஷ் அரசோடு காட்டிய நெருக்கம் அவருக்கு ஆகவில்லை. அவ்வளவு ஏன், சையதுவின் வாழ்க்கையைப் பெரிய நூலாக எழுதிய நெருங்கிய ஆதரவாளர் ஹாலியே, அந்த விரிவுரையில் பல இடங்களில் அவர் சறுக்கியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கும் அப்படித்தான் தோணுது. மூஸா நபி கடல் கடந்ததுக்கு நீர்மட்டக் கணக்கு சொல்றதுல அற்புதமும் போயிடுது, அறிவியலும் பெருசா வந்துடலை. ஆனா, ஒரு விஷயத்துல அவர் ரொம்ப நேர்மையானவர். இன்னிக்கு வாட்ஸ்அப்ல வருமே, பெருவெடிப்பு, கருவியல், கருந்துளை எல்லாத்தையும் 1,400 வருஷத்துக்கு முன்னாடியே குர்ஆன் சொல்லிடுச்சுன்னு ஒரு ஃபார்வர்டு... அந்த வேலையை அவர் செய்யலை. குர்ஆன் இயற்பியல் பாடம் நடத்த வந்த நூல் இல்லைன்னுதான் அவர் சொன்னார். யாரோ ஆய்வகத்துல ராத்திரி முழுக்க முழிச்சுக் கண்டுபிடிச்சதை, மறுநாள் காலையில இது எங்க புத்தகத்துலயே இருக்குன்னு சொந்தம் கொண்டாடுறது வேற. அந்தக் கண்டுபிடிப்பு என் நம்பிக்கையை என்ன கேள்வி கேட்குதுன்னு உட்கார்ந்து யோசிக்கிறது வேற. அவர் ரெண்டாவது ரகம். இந்த ஃபார்வர்டு வியாதி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லைன்னு உங்க ஃபேமிலி குரூப்பைத் திறந்தாலே தெரியும்.

பிறை விவகாரத்தையே எடுத்துக்குங்க. ஒவ்வொரு ரமலானுக்கும் நம்ம ஊர்ல மொட்டை மாடியில நின்னு மேற்கே பார்க்கிறோம். நிலா எந்த நிமிஷம் எங்கே இருக்கும்னு போன்ல ஒரு ஆப் காட்டிடுது. இருந்தாலும் கண்ணால பார்க்கணுமா, கணக்கு போதுமான்னு ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டுல விவாதம் நடக்குது. சில வருஷம் ஒரே தெருவுல ரெண்டு பெருநாள். ரெண்டு பக்கமும் ஆதாரத்தோடதான் பேசுறாங்க. இதுக்குப் பின்னாடி இருக்கிறதும் பழைய கேள்விதான்: வசனத்தோட சொல்லைப் பிடிச்சுக்கணுமா, நோக்கத்தைப் பிடிச்சுக்கணுமா?

கதைக்கு வருவோம். 1875 மே 24-ல் அலிகாரில் பள்ளி திறந்தார். 1877 ஜனவரி 8-ல் வைஸ்ராய் லிட்டன் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி. கேம்பிரிட்ஜ் மாதிரி விடுதி, விவாத மன்றம், கிரிக்கெட் எல்லாம் உண்டு. இந்து மாணவர்களும் படித்தார்கள். பணத்துக்காக அவர் ஏறாத படி இல்லை. லாட்டரிகூட நடத்தினார். வெள்ளைத்தாடியோடு மேடையேறிக் கவிதை படித்து வசூல் செய்தார். நீதிபதியாக இருந்தவர் இப்படிச் செய்யலாமா என்று ஊர் பேசியது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆனால், நன்கொடை கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் நேச்சரி மார்க்கத்தையா சொல்லித்தரப் போகிறீர்கள்?

அவர் எடுத்த முடிவு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது. கல்லூரியில் மார்க்கக் கல்வியை மரபான உலமாக்களின் வழியிலேயே நடத்த ஒப்புக்கொண்டார். அந்தப் பொறுப்பிலிருந்து தான் விலகிக்கொண்டார். தன் கருத்துகள் அந்த வகுப்பறைக்குள் வராது என்று வாக்குக் கொடுத்தார். எந்த காஸிம் நானோத்வி அவரோடு கடிதத்தில் வாதாடினாரோ, அவருடைய மருமகன் மௌலானா அப்துல்லா அன்சாரியே பிற்காலத்தில் கல்லூரியின் மார்க்கத் துறைக்குப் பொறுப்பாளரானார். பாதி ஆயுளைச் செலவழித்து எழுதிய விரிவுரை, தான் கட்டிய கல்லூரியிலேயே பாடமாக இல்லை. கல்லூரி பிழைக்க வேண்டும் என்றால் தன் கருத்து வெளியே நிற்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். இதைச் சமரசம்னு சொல்றவங்க இருக்காங்க. பெருந்தன்மைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டும் கலந்துதான் தெரியுது.

எல்லாவற்றிலும் அவர் காலத்தைத் தாண்டி நிற்கவில்லை. பெண்களுக்குப் பள்ளிகள் தேவை என்று பேச்சு வந்தபோது முதலில் ஆண்கள் படிக்கட்டும் என்று தள்ளிப்போட்டார். அலிகாரில் பெண்கள் பள்ளி வந்தது அவர் இறந்த பிறகு, 1906-ல். காங்கிரஸை எதிர்த்தார். மேட்டுக்குடிப் பார்வை அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. வானத்தைப் புதுசாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு, குதிரைக்கு வைக்கும் தானியத்தைத் தின்று உயிர் பிழைத்த அம்மாவின் மகனுக்கு, வீட்டுப் பெண்களின் படிப்பு அவசரமாகத் தெரியாமல் போனது விசித்திரம்தான்.

கடைசி வருடங்கள் கொடுமையானவை. 1895-ல் கல்லூரியின் தலைமை எழுத்தர் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் கையாடல் செய்தது தெரியவந்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பதவி விலகிய மகன் மஹ்மூத் குடியில் விழுந்தார். வீட்டில் நிம்மதியில்லை. வயதான காலத்தில் சொந்த வீட்டை விட்டு வெளியேறி ஒரு நண்பரின் வீட்டில் தங்கினார் சையது. 1898 மார்ச் 27-ல் அங்கேயே உயிர் பிரிந்தது. இலட்சக்கணக்கில் வசூல் செய்து கல்லூரி கட்டியவரின் இறுதிச் சடங்குச் செலவுக்கு, நண்பர்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கல்லூரிப் பள்ளிவாசலின் ஓரத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1920-ல் அந்தக் கல்லூரி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆனது.

அவர் 1886-ல் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடு ஊர் ஊராக நடந்தது. 1901-ல் சென்னைக்கும் வந்தது. நம்ம பக்கத்துத் தோல் வியாபாரிகள் கல்விக்காகக் காசு போட ஆரம்பித்த காலம் அது. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலைச் சேர்ந்த பா.தாவூத் ஷா ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையில், குர்ஆனைப் பகுத்தறிவோடு தமிழில் படிக்க வேண்டும் என்று எழுதித் தள்ளினார். கம்பராமாயணம் பற்றி மேடையில் பேசி அசத்தும் ஆள் அவர். அவருக்கும் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்ற பட்டம் கிடைத்தது. அவரும் பத்திரிகையை நிறுத்தவில்லை. தமிழில் குர்ஆனுக்குப் பொருளும் விரிவுரையும் எழுதுவதைத் தொடர்ந்துகொண்டேயிருந்தார்.